ஃபிரான்சைஸ் என்பது கெட்ட வார்த்தை

லண்டனுக்கு வந்த புதிதில், அலுவலகச் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “நீ எந்த டீம்?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். நம்மூரில் “சொந்த ஊர் எது?” என்று கேட்பதைப் போன்ற கேள்வி அது. பதிலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார்கள். கால்பந்தில் எனக்கு யாருமில்லை, கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஐபிஎல்லில் எங்கள் ஊர் ஃபிரான்சைஸ்” என்று விளக்கம் வேறு சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “மேட், அந்த வார்த்தையை இந்த ஏரியாவில் சொல்லாதே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அது பாதிச் சிரிப்பு. எங்கள் அலுவலகம் டூட்டிங்குக்கும் விம்பிள்டனுக்கும் நடுவில் இருக்கிறது. டூட்டிங் பக்கம் போனால் தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். விம்பிள்டன் பக்கம் போனால் ஃபிரான்சைஸ் என்ற சொல்லை வசவாக மட்டுமே பயன்படுத்துகிற ஆட்கள் கிடைப்பார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அவர் அன்றே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: ஞாயிறு இரவானால் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுவது அமெரிக்கக் கால்பந்து. அதுவும் 32 ஃபிரான்சைஸ்கள் ஆடுகிற என்எஃப்எல்.

இந்த முரண்பாடு புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அமெரிக்க விளையாட்டு என்றதும் இங்குள்ள ரசிகர்கள் சொல்லும் வசனங்கள் ஏறக்குறைய மனப்பாடம். முதல் வசனம் கவசம் பற்றியது. “எங்கள் ரக்பிக்காரர்கள் வெறும் சட்டையோடு மோதுகிறார்கள், அவர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள்.” கவசம் இருக்கிற தைரியத்தில்தான் அங்கே மோதல் இன்னும் கொடூரமாக இருக்கிறது என்பது என் கட்சி. வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் கிறிஸ்டியன் வேட் என்று ஒரு பெயரைச் சொன்னால் பேச்சு கொஞ்சம் அடங்கும். வாஸ்ப்ஸ் ரக்பி அணியின் மின்னல் வேக ஆட்டக்காரர். 2018இல் ரக்பியை விட்டுவிட்டு, 2019இல் என்எஃப்எல்லின் பஃபலோ பில்ஸ் அணிக்குப் போனார். அந்த வருடமே சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் முதல்முறையாகப் பந்தைக் கையில் வாங்கியதும் 65 கெஜம் ஓடி டச் டவுன்! அன்று இங்கே எல்லார் கைபேசியிலும் அந்தக் காணொளிதான். அப்புறம்? லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. 2024இல் வேல்ஸின் செல்லப்பிள்ளை லூயிஸ் ரீஸ்-ஜாமிட் போனார். அவரும் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் 2025இல் ரக்பிக்கே திரும்பிவிட்டார்.

அடுத்த வசனம் நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்எஃப்எல் ஆட்டத்தில் பந்து உண்மையில் நகர்வது சுமார் 11 நிமிடம்தான், மிச்சமெல்லாம் விளம்பரமும் கூடிக்கூடிப் பேசுவதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இதைச் சொல்கிற அதே ஆள் ஐந்து நாள் டெஸ்ட் பார்த்துவிட்டு, டிராவில் முடிந்தாலும் அருமையான ஆட்டம் என்று வீட்டுக்குப் போகிறவர். 1939இல் டர்பனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டெஸ்டுக்கு நாள் கணக்கே கிடையாது, முடியும்வரை ஆடுவது என்று ஏற்பாடு. மார்ச் 3 தொடங்கி 14 வரை இழுத்தது. 696 துரத்திய இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது, ஊருக்குத் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டுமே என்று ஆட்டத்தை டிராவாக முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு பேஸ்பால் நீளம் என்று குறைப்படுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

பேஸ்பாலைப் பற்றி இங்கே ஒரே வாக்கியம்தான்: “அது எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஆடுகிற ரவுண்டர்ஸ்.” அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. டெர்பி கவுன்ட்டி கால்பந்துக் கழகம் 1997 வரை லீக் ஆட்டங்களை ஆடிய மைதானத்தின் பெயர் பேஸ்பால் கிரவுண்ட். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நிஜமாகவே பேஸ்பால் ஆடினார்கள். 1890இல் நடந்த பிரிட்டிஷ் பேஸ்பால் லீகில் ஜெயித்தது ஆஸ்டன் வில்லா. 1938இல் இந்த மண்ணில் நடந்த தொடர் ஒன்றில் பிரிட்டன் அமெரிக்காவையே தோற்கடித்தது, அதுதான் முதல் பேஸ்பால் உலகக் கோப்பை என்று பின்னால் கணக்கில் ஏறியது. (அணியில் கனடாக்காரர்கள் நிறைய என்பதை நான் சத்தமாகச் சொல்வதில்லை.) இதையெல்லாம் சொன்னால் மேசைக்காரர் நம்ப மறுத்து கைபேசியில் தேடிப்பார்ப்பார்.

இரண்டே நாடுகளின் அணிகள் ஆடுகிற பேஸ்பால் போட்டிக்கு ‘உலகத் தொடர்’ என்று பெயரா என்பது இன்னொரு கேலி. நியாயம்தான். ஆனால் இந்த நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்குப் பெயர் வெறும் ‘தி ஃபுட்பால் அசோசியேஷன்’. எந்த நாட்டுச் சங்கம் என்று பெயரில் இல்லை. தபால்தலையிலும் நாட்டின் பெயர் கிடையாது. நாங்கள்தான் முதலில் தொடங்கினோம், நீங்கள் வேண்டுமானால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள் என்கிற தோரணை. ‘சாக்கர்’ என்ற சொல்லை இப்போது காதில் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். அசோசியேஷன் என்பதைச் சுருக்கி அந்தச் சொல்லை உருவாக்கியதே ஆங்கிலேயப் பல்கலைக்கழக மாணவர்கள்தான்.

இந்தக் கேலிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவை பங்காளிச் சண்டை. வலி வேறு இடத்தில் இருக்கிறது. அதை நான் பார்த்தது 2017 அக்டோபர் 29 அன்று, ட்விக்கன்ஹாமில்.

ட்விக்கன்ஹாம் இங்கிலாந்து ரக்பியின் கோயில். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளீவ்லாந்து பிரௌன்ஸும் மினசோட்டா வைக்கிங்ஸும் ஆடின. மேசைக்காரர் எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தார். கிளாப்ஹாம் ஜங்ஷனில் ரயில் ஏறியதிலிருந்தே எனக்கு ஆச்சரியம். ஆடுவது இரண்டு அணி, பெட்டி முழுக்க இருபது அணிகளின் ஜெர்சி. மயாமி, சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ. நடுத்தர வயதுக்காரர்கள் பலர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் மாட்டியிருந்தார்கள். 1982இல் சேனல் 4 அமெரிக்கக் கால்பந்தைக் காட்டத் தொடங்கியபோது இவர்கள் பள்ளிப் பிள்ளைகள். யார் அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தார்களோ அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1986இல் சிகாகோ பேர்ஸ் வெம்ப்ளிக்கு வந்து டல்லாஸோடு ஆடியபோது, ‘ஃபிரிட்ஜ்’ என்று பட்டப்பெயர் கொண்ட வில்லியம் பெர்ரியைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியதாம். லீக் கணக்கில் சேரும் முதல் ஆட்டம் இங்கே வந்தது 2007இல்தான். கொட்டும் மழையில், சேறான வெம்ப்ளியில், நியூயார்க் ஜயன்ட்ஸ் 13, மயாமி 10. மேசைக்காரர் அதற்கும் போயிருந்தார். “மோசமான ஆட்டம், அற்புதமான நாள்” என்பார்.

கால்பந்து ஆட்டத்துக்குப் போகிற ரயிலில் இப்படிக் கலந்து உட்கார முடியாது. எதிரணி ரசிகர்களுக்குத் தனி வாயில், தனிப் பகுதி, நடுவில் போலீஸ். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால்பந்து நடக்கும்போது புல்வெளி கண்ணில் படுகிற இடத்தில் மது குடிக்கக் கூடாது. அதே வெம்ப்ளியில் என்எஃப்எல் என்றால் பியர்க் கோப்பையோடு இருக்கைக்கே போகலாம். அன்று எனக்கு முன்வரிசையில் மினசோட்டாவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்காரர் அவர்களோடு மூன்று மணி நேரம் சண்டையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். “இங்கே நான் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை, எவ்வளவு ஓய்வாக இருக்கிறது பார்” என்றார். தீவிர ஆங்கிலேயக் கால்பந்து ரசிகருக்கு என்எஃப்எல் ஒருவிதச் சுற்றுலா. சொந்த ஊர்க் கோயிலில் சாமியாடுகிறவர் வெளியூர்க் கோயிலில் நின்று சிற்பம் பார்ப்பதுபோல.

ஆனால் அவர் பிரௌன்ஸைப் பிடித்துக்கொண்ட காரணம் அவ்வளவு லேசானதில்லை. 1995 நவம்பரில் அந்த அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல், அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். கிளீவ்லாந்து ஊரே வழக்கு, போராட்டம் என்று இறங்கியது. கடைசியில் ஆட்டக்காரர்கள் பால்டிமோருக்குப் போனார்கள். பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லாந்திலேயே தங்கின. 1999இல் அந்தப் பெயரில் புது அணி வந்தது. மோடெலின் பால்டிமோர் 2001 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை ஜெயித்துவிட்டது. பிரௌன்ஸ் இன்றுவரை சூப்பர் பௌல் களத்தில் கால் வைத்ததில்லை.

2002 கோடையில் மேசைக்காரர் இந்தக் கதையைத் தேடிப் படித்தார். அந்தக் கோடையில்தான் அவருடைய கழகத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விம்பிள்டன் கதை தெரியாதவர்களுக்கு: 1977வரை மேல் நான்கு படிகளான ஃபுட்பால் லீகிலேயே இல்லாத சின்னக் கழகம், 1986இல் முதல் டிவிஷனுக்கு ஏறி, 1988இல் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பெசன்ட் தடுத்தார். 1991இல் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு இன்னொரு கழகத்தின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள். பிறகு வந்த நார்வேக்கார முதலாளிகளின் காலத்தில், விம்பிள்டனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு அணியை நகர்த்தத் திட்டம் போட்டார்கள். 2002 மே 28 அன்று மூன்று பேர் கொண்ட குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை அனுமதித்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது கால்பந்தின் பொதுநலனுக்கு உகந்ததல்ல என்கிற பொருளில் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி உண்டு. மேசைக்காரர் கோபத்தில் அடிக்கடி அதை ஒப்பிப்பார்.

சில வாரங்களில் விம்பிள்டன் காமன் பூங்காவில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்ய அழைப்பு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பூட்ஸோடு வரலாம். அப்படிப் பிறந்த ஏஎஃப்சி விம்பிள்டன் இங்கிலாந்துக் கால்பந்து ஏணியின் ஒன்பதாவது படியிலிருந்து ஆடத் தொடங்கியது. ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலே ஏறி, 2011இல் லூட்டனை பெனால்டியில் ஜெயித்து லீகுக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில் ப்ளவ் லேனில், பழைய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், புது மைதானம். கொரோனாவால் முதல் ஆட்டத்துக்கு ரசிகர் யாருமில்லை. மேசைக்காரர் சுவருக்கு வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். மில்டன் கீன்ஸ் அணியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அது வெறும் ‘ஃபிரான்சைஸ்’.

ஓர் ஆங்கிலேய ரசிகர் “இது அமெரிக்கத்தனம்” என்று சொன்னால், கவசத்தையோ விளம்பரத்தையோ சொல்லவில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது. கழகம் ஓர் இடத்தைச் சேர்ந்தது, அதை யாரும் பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியாது, அதே சமயம் அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களுக்குக் கால்பந்து. பிரீமியர் லீகில் 20 அணிகளில் கடைசி மூன்று கீழே இறங்கியாக வேண்டும். பாதி நாடு வாழ்வது பட்டியலின் அந்த அடிமுனையில்தான். ஏப்ரல் மாதத்தில் 17ஆம் இடத்துக்கு நடக்கும் அடிதடியைப் பார்த்தால் கோப்பைக்கு யார் கவலைப்படுகிறார்கள் என்று தோன்றும். அமெரிக்காவில் கடைசியில் வந்தால் இறக்கம் இல்லை, பரிசு உண்டு: அடுத்த ஆண்டுப் புதுமுகங்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நாங்கள் ட்விக்கன்ஹாமில் பார்த்த பிரௌன்ஸ் பாதி ஆட்டம் வரை நன்றாகத்தான் ஆடியது. 33-16 என்று தோற்றது. அந்த சீசனில் 16 ஆட்டம், 16 தோல்வி. 2018 ஜனவரியில் கிளீவ்லாந்து ரசிகர்கள் உறைபனியில் மைதானத்தைப் பூஜ்ய வடிவில் சுற்றி ஊர்வலம் போனார்கள். அணிக்கு என்ன தண்டனை? முதல் தேர்வு. பேக்கர் மேஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். மேசைக்காரருக்கு இது ஜீரணிக்கவே இல்லை. “நாங்களாக இருந்தால் இந்நேரம் கீழே போய் முளைத்து வந்திருப்போம்.”

நான் விடவில்லை. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2025 வரை 33 சீசன், ஜெயித்தவை 7 கழகங்கள்தான். அதே 33 சீசனில் சூப்பர் பௌல் ஜெயித்தவை 15 அணிகள். தொலைக்காட்சிப் பணத்தைச் சமமாகப் பங்கு போடுவது, 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு, பலவீனமானவனுக்கு முதல் பங்கு. முதலாளித்துவத்தின் தலைநகரம் தன் விளையாட்டை ரேஷன் கடைபோல நடத்துகிறது. மருத்துவத்தை இலவசமாகத் தருகிற நாடு கால்பந்தைச் சந்தையில் அவிழ்த்துவிட்டிருக்கிறது. இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒன்பதாவது படியிலிருந்து உங்கள் ரேஷன் கடைக்கு வர முடியுமா?” என்றார். முடியாது. அந்த இடத்தில் நான் எப்போதும் தோற்றுவிடுகிறேன்.

2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு. ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு கழகங்கள், அதில் ஆறு இங்கிலாந்தைச் சேர்ந்தவை. நிறுவனக் கழகங்களுக்கு இறக்கமே கிடையாது. மறுநாள் காணொளிக் கூட்டத்தில் வேலை பற்றி யாரும் பேசவில்லை. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் மூன்றும் அமெரிக்கர்கள் கையில் இருந்ததால் எல்லார் வாயிலும் “அமெரிக்கர்கள்” என்ற சொல்தான். செவ்வாய் மாலை செல்சி ரசிகர்கள் தங்கள் மைதானத்துக்கு வெளியே சாலையை மறித்தார்கள். அன்றிரவுக்குள் ஆறு கழகங்களும் பின்வாங்கின. லிவர்பூலின் முதலாளி ஜான் ஹென்றி காணொளியில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த லீகின் தலைவர் ரியல் மாட்ரிட்டின் ஃபுளோரென்டினோ பெரெஸ். விம்பிள்டனை நகர்த்தியவர்களும் நார்வேக்காரர்கள், அனுமதி தந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அமெரிக்கா பாவம், பல சமயம் அந்த இடத்திலேயே இல்லை.

அப்புறம் எங்கள் பங்கு. அதே 2021இல் ‘தி ஹண்ட்ரட்’ என்ற கிரிக்கெட் போட்டி தொடங்கியது. 18 கவுன்ட்டி அணிகள் இருக்கிற நாட்டில் எட்டு நகர அணிகள். சாமர்செட், கென்ட் ரசிகர்களுக்குத் தங்கள் ஊர் அணி என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. அதையும் அமெரிக்கத்தனம் என்றுதான் திட்டினார்கள். 2025 தொடக்கத்தில் அந்த அணிகளின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. லீட்ஸ் அணியை முழுதாக வாங்கியது சென்னையின் சன் டிவி.

சமையலறையில் இந்தச் செய்தியை நானே மேசைக்காரரிடம் சொன்னேன். கொஞ்சம் கூச்சத்தோடுதான். “உங்கள் ஊர்க்காரர்களா?” என்றார். ஆமாம் என்றேன். இத்தனை வருடம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். சூப்பர் கிங்ஸ் 2008இல் ஏலத்தில் பிறந்தது, விலை 9 கோடியே 10 லட்சம் டாலர். ராஞ்சிக்காரர் ஒருவரை 15 லட்சம் டாலருக்கு எடுத்து நாங்கள்தான் ‘தல’ ஆக்கினோம். சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருடம் தடை. அந்த இரண்டு கோடையும் எனக்கு வீட்டில் யாரோ இல்லாததுபோல் இருந்தது. 2018இல் திரும்பி வந்து சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம். அதற்குள் காவிரிப் போராட்டம். மிச்ச உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். சென்னை ரசிகர்கள் தனி ரயிலில் மஞ்சள் சட்டையோடு புனேவுக்குப் போனார்கள்.

அவர் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தூரம்?”

“ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.”

“ஆயிரமா!” மில்டன் கீன்ஸ் கணக்கு மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். “திரும்பி வந்ததா?”

“அடுத்த வருடமே வந்தது.”

“அப்போ சரி” என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார்.